பின் அச்சு எண்ணெய் நிறம் மாறினால்

லாரி, வேன், பழைய மோட்டார் கார் ஆகியவற்றின் பின்புறத்தில் குனிந்து பார்த்தால், இரு சக்கரங்களுக்கும் இடையே பூசணிக்காய்போல் உருண்டு திரண்ட இரும்புப் பெட்டி ஒன்று தொங்குவதைக் காணலாம். அதுவே டிபரன்ஷியல். இயந்திரத்தின் எண்ணெயை வாரத்திற்கு ஒரு முறை அளவுகோலை இழுத்துப் பார்ப்பவர்கள் பலர் உள்ளனர். இந்தப் பெட்டியின் எண்ணெயைப் பார்ப்பவர்களோ மிகச் சிலர். இதற்கு இழுத்துப் பார்க்கும் அளவுகோலும் இல்லை. முகப்புப் பலகையில் எரியும் எச்சரிக்கை விளக்கும் இல்லை. வண்டிக்கு அடியில் புகுந்து, சேறு படிந்த ஒரு திருகு மூடியைக் கழற்றினாலன்றி உள்ளே நடப்பது தெரியாது. ஆண்டுக் கணக்கில் அப்படியே ஓடிய வண்டி, ஒரு நாள் பின்னாலிருந்து ஊளையிடத் தொடங்கும்போதுதான் பலருக்கு அதன் நினைவு வருகிறது. எண்ணெயை மாற்றினால் மட்டும் போதும் என்ற கட்டம் அதற்குள் கடந்து போயிருக்கும்.

தோட்டங்களில் ஓடும் வண்டிகளுக்கு இந்தக் கவனிப்பு மற்ற இடங்களைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. வெட்டுக்காட்டுக்குச் செல்லும் செம்மண் பாதை, மழைக்குப்பின் முழங்கால் அளவு ஓடும் ஓடை, பால் தொட்டியைச் சுமந்துகொண்டு ஏறவேண்டிய மேடு ஆகிய யாவும் பின் அச்சைத்தான் முதலில் வருத்துகின்றன. அதோடு, வேலையிலிருந்து ஓய்வு பெறும்போது கைக்கு வரும் ஊழியர் சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு பழைய வேன் ஒன்றை வாங்கி, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றியோ காய்கறி விற்றோ பிழைக்கலாம் என எண்ணுபவர்களும் நம்மிடையே உண்டு. பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் அரை மணி நேரத்தை இந்தப் பெட்டிக்காகச் செலவிடுவது அவர்களுக்கு எவ்வளவு பெரிய காப்பு என்பதைப் போகப்போக விளக்குவோம்.

எல்லாக் கார்களிலும் இந்தப் பெட்டி பின்னால் இருப்பதில்லை. 1985-ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா, 1994-ஆம் ஆண்டில் வந்த பெரோடுவா கஞ்சில் போன்றவை முன் சக்கரங்களால் இழுக்கப்படுபவை. அவற்றில் டிபரன்ஷியல், கியர் பெட்டிக்குள்ளேயே முன்புறம் அடங்கிவிடுகிறது. டட்சன் 120 ஒய் போன்ற பழைய கார்கள், நிசான் வானெட் வேன், டொயோட்டா ஹைலக்ஸ், லேண்ட் ரோவர், லாரிகள் ஆகியவற்றுக்குத்தான் பின் அச்சுப் பெட்டி உண்டு. நாம் இங்கே பேசுவது அவற்றைப் பற்றியே.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

இயந்திரத்திலிருந்து வரும் நீண்ட தண்டு முன்னும் பின்னுமாக நீண்டிருக்கிறது. சக்கரங்களின் அச்சோ குறுக்கே கிடக்கிறது. நேராக வரும் சுழற்சியைக் குறுக்கே திருப்ப வேண்டும். தண்டின் முனையிலுள்ள சிறிய பல்சக்கரம் பினியன். அது சுழற்றும் பெரிய வட்டப் பல்சக்கரம் கிரவுன். பினியனுக்குப் பத்துப் பற்களும் கிரவுனுக்கு நாற்பத்தொரு பற்களும் இருக்குமானால், தண்டு 4.1 முறை சுற்றும்போது சக்கரம் ஒரு முறை சுற்றும். வேகம் குறைகிறது, இழுவை வலிமை கூடுகிறது. பாரத்துடன் வண்டி மேடேறுவது இதனால்தான்.

இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கத்துச் சக்கரம் அதிகத் தூரம் ஓட வேண்டும். இரு சக்கரங்களுக்கும் இடைவெளி 1.4 மீட்டர் என்று கொண்டால், ஒரு முச்சந்தியில் நேர்க்கோணமாகத் திரும்பும்போதே வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட இரண்டு மீட்டருக்கும் மேல் கூடுதலாக ஓடுகிறது. கிரவுனுடன் சேர்ந்து சுற்றும் சிறு பல்சக்கரங்கள் நான்கோ ஆறோ இந்த வேறுபாட்டை ஈடுசெய்கின்றன. ஆங்கிலத்தில் வேறுபாடு என்னும் பொருள்தரும் சொல்லே இதற்குப் பெயராயிற்று.

பெரும்பாலான வண்டிகளில் பினியன், கிரவுனின் நடுமையத்துக்கு நேராக இல்லாமல் சற்றுத் தாழ்ந்து அமைந்திருக்கிறது. இதனால் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருளுவதோடு நில்லாமல் சறுக்கவும் செய்கின்றன. அம்மியில் குழவியை இழுத்து அரைப்பதுபோன்ற அழுத்தம் அது. சாதாரண எண்ணெய் அங்கே நசுங்கி ஒதுங்கிவிடும். இரும்பு இரும்பைத் தொடும். ஆகவே இதற்கான எண்ணெயில் கந்தகமும் எரியமும் கலந்த மருந்துப் பொருள்களைச் சேர்க்கிறார்கள். அவை சூட்டிலும் அழுத்தத்திலும் பற்களின்மேல் மெல்லிய காப்புப் படலமாகப் படிகின்றன. டின்னின்மேல் 'ஜி.எல். 5' என்ற குறி இருந்தால் அது இத்தகைய பற்களுக்கு ஏற்றது. '80 டபிள்யூ 90' போன்ற எண்கள் அதன் தடிப்பைக் குறிக்கின்றன. எந்தத் தடிப்பு வேண்டும் என்பதை வண்டியின் கையேடே கூற வேண்டும், கடைக்காரர் அல்லர்.

புதிய கியர் எண்ணெயை முகர்ந்து பார்ப்பவர் முகம் சுளிப்பார். அழுகிய முட்டையை நினைவூட்டும் அந்த வாடை கந்தகத்தினுடையது. அது கெட்டுப்போனதன் அறிகுறி ஆகாது.

எண்ணெயை எடுக்கும் முறை

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருவரும் நுழையலாகாது. லேண்ட் ரோவர் வைத்திருப்பவர்கள் இங்கே கூடுதலாக ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். அதன் கைப்பிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. பின் தண்டைப் பிடிக்கிறது. ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கினால், தண்டு நின்றிருந்தாலும் டிபரன்ஷியலின் இயல்பினால் தூக்கிய சக்கரம் ஒரு திசையிலும் தரையிலுள்ள சக்கரம் மறு திசையிலும் சுழலக்கூடும். கைப்பிரேக் இழுத்த வண்டி உருண்டுவிடும். கட்டை கொடுக்காமல் தூக்குவது உயிரோடு விளையாடுவதாகும்.

பெட்டியில் பொதுவாக இரண்டு மூடிகள் இருக்கும். பக்கவாட்டில் சற்று உயரத்தில் உள்ளது எண்ணெய் ஊற்றும் மேல் மூடி. அடியில் உள்ளது வடிக்கும் கீழ் மூடி. எப்போதும் மேல் மூடியைத்தான் முதலில் திறக்க வேண்டும். கீழ் மூடியைத் திறந்து எண்ணெயை எல்லாம் வடித்துவிட்டு, துருப்பிடித்த மேல் மூடி அசைய மறுத்தால், எண்ணெயில்லாத வண்டியை எங்கும் கொண்டு செல்ல இயலாமல் நிற்க நேரிடும். மூடியைச் சுற்றியுள்ள சேற்றைக் கம்பித் தூரிகையால் முன்னதாகவே துடைத்துவிட வேண்டும். இல்லையேல், நாம் கண்டுபிடிக்கப் போகும் மணல் நாமே உள்ளே போட்டதாக இருக்கும்.

மேல் துளையின் விளிம்பு வரை எண்ணெய் நிற்க வேண்டும் என்பது பெரும்பாலான வண்டிகளுக்குரிய அளவு. சுண்டு விரலை உள்ளே விட்டு வளைத்தால் எண்ணெய் தட்டுப்பட வேண்டும். விளிம்புக்கு மேலேயே நின்று, மூடியைத் திறந்தவுடன் வழிந்தால் அதுவும் ஐயத்திற்குரியது. யாரேனும் அளவுக்கு மீறி ஊற்றியிருக்கலாம், அல்லது நீர் உள்ளே சேர்ந்து எண்ணெயை மேலே தள்ளியிருக்கலாம்.

வடிக்காமல் சோதிக்க விரும்புபவர்கள், பெரிய மருந்தூசிக் குழல் ஒன்றில் மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மேல் துளை வழியாக அடிவரை விட்டு உறிஞ்சி எடுக்கலாம். எடுத்ததை உட்புறம் காணக்கூடிய கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, பகல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்துப் பார்க்க வேண்டும். மங்கலான கொட்டகைக்குள் எல்லா எண்ணெயும் கறுப்பாகத்தான் தெரியும்.

நிறம் கூறும் செய்தி

நம் நாட்டில் இயந்திர எண்ணெயை மலாய்ப் பேச்சு வழக்கில் 'மின்யாக் ஹித்தாம்' என்கிறார்கள். கறுப்பு எண்ணெய் என்று பொருள். பெயரே கறுப்பு என்றிருப்பதால், பின் அச்சின் எண்ணெயும் கறுத்திருப்பதே முறை என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். இயந்திரத்துக்குள் எரிபொருள் எரிந்து புகைக்கரி எண்ணெயில் கலக்கிறது. அதனால் அது விரைவில் கறுப்பது இயல்பு. டிபரன்ஷியலுக்குள் எதுவும் எரிவதில்லை. அங்கே நிறம் மாறினால் அதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

புதிய கியர் எண்ணெய் பெரும்பாலும் தேன் நிறமாக இருக்கும். சில நிறுவனங்கள் சாயம் சேர்த்துச் சிவப்பாகவோ நீலமாகவோ விற்பதும் உண்டு. ஆகவே எந்த எண்ணெய் ஊற்றப்பட்டது என்று அறிந்து, அதில் சிறிதளவைப் புட்டியில் சேமித்து வைத்துக்கொண்டால் பின்னர் ஒப்பிட எளிதாகும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடியபின் தேன் நிறம் கருப்பட்டிப் பாகின் நிறத்தை அடைவது முதுமையே தவிர நோயன்று. வெளிச்சத்தில் பிடித்தால் ஊடே ஒளி தெரிய வேண்டும். விரலில் தேய்த்தால் வழவழப்பு மாறாதிருக்க வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தால், கையேடு குறித்த கிலோமீட்டரில் மாற்றிக்கொள்ளலாம்.

ஒளி ஊடுருவாத கருமையும், தீய்ந்துபோன வாடையும் சேர்ந்து வந்தால் அது வேறு. கந்தக வாடையும் தீய்ந்த வாடையும் ஒன்றல்ல. அடிப்பிடித்த சட்டியை முகர்ந்த எவரும் இரண்டாவதை அறிவர். அளவுக்கு மீறிய பாரம், எண்ணெய் குறைந்துபோதல், பேரிங்குகளை மிகவும் இறுக்கிப் பூட்டியிருத்தல் ஆகியவை எண்ணெயை அளவுக்கு மேல் சூடாக்கி இவ்வாறு கருக்கிவிடும். எண்ணெயை மாற்றுவதோடு, சூடேறிய காரணத்தையும் தேட வேண்டும்.

கறுப்பு அல்லது கருஞ்சாம்பல் நிறத்தைக் கண்டு உடனே அஞ்சத் தேவையில்லாத இடங்களும் உண்டு. சேற்றில் ஒரு சக்கரம் வீணாகச் சுழல்வதைத் தடுப்பதற்காகச் சில வண்டிகளின் டிபரன்ஷியலுக்குள் உராயும் தட்டுகள் வைக்கப்பட்டுள்ளன. அத்தட்டுகள் தேய்வதால் எண்ணெய் விரைவில் கறுக்கிறது. மாலிப்டினம் கலந்த எண்ணெயும் தொடக்கத்திலிருந்தே சாம்பல் நிறமாக இருக்கும். பசை நீலமாகவோ சிவப்பாகவோ ரப்பர்போன்ற துணுக்குகள் மிதந்தால், அவை யாரோ மூடித் தகட்டை ஒட்டியபோது மிகையாகப் பூசிய சீல் பசையின் எச்சங்கள். பெட்டி முன்பே ஒருமுறை திறக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு அவை சாட்சி. பழைய வண்டி வாங்குபவர் ஏன் திறக்கப்பட்டது என்று கேட்கும் உரிமை உடையவர்.

பால்போல் வெளுத்த எண்ணெய்

யாவற்றினும் முதன்மையாக நாம் அறிய வேண்டியது இதுவே. புட்டியில் எடுத்த எண்ணெய் பால் கலந்த கோப்பிபோலவோ, வெளிறிய சாம்பல் குழம்புபோலவோ இருந்தால், உள்ளே நீர் புகுந்துவிட்டது என்று பொருள். சுழலும் கிரவுன், நீரையும் எண்ணெயையும் கடைந்து நுண்துளிகளாக ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடுகிறது. ரப்பர்ப் பால் வெளுப்பாயிருப்பதற்கும் காரணம் இதைப் போன்றதே. நீருக்குள் ரப்பரின் நுண்துகள்கள் மிதந்து ஒளியைச் சிதறடிக்கின்றன. மழைநீர் கலந்த பாலை நிறத்தாலும் ஓட்டத்தாலும் இனங்காணும் கண், பால் வெட்டும் தொழிலாளருக்கு இயல்பாகவே வாய்த்திருக்கிறது. மெட்ரோலாக் கருவி வருமுன்பே அவர் அறிந்துவிடுவார். அதே கண்ணை இங்கேயும் செலுத்தினால் போதும்.

நீர் எப்படிப் புகுகிறது? நாற்புறமும் மூடிய இரும்புப் பெட்டியாயிற்றே என்று கேட்கலாம். பெட்டி முழுவதும் மூடியதன்று. ஓடும்போது எண்ணெய் சூடேறி, உள்ளேயுள்ள காற்று விரிகிறது. காலையில் 30 பாகையில் இருந்தது 90 பாகைக்கு ஏறினால், காற்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விரிய முயலும். அந்த அழுத்தம் வெளியேற, அச்சுக் குழாயின் மேற்பக்கத்தில் சிறு மூச்சுக்குழாய் ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. சுட்டு விரல் நுனியளவே உள்ள அதனைச் செம்மண் எளிதில் அடைத்துவிடுகிறது.

அடைத்தபின் நடப்பதைப் பார்ப்போம். பாரத்துடன் மேடேறி வந்த வண்டியின் அச்சு, கை வைக்க முடியாத சூட்டில் இருக்கிறது. வழியில் ஓடை. குளிர்ந்த நீருக்குள் அச்சு மூழ்கியதும் உள்ளே விரிந்திருந்த காற்று சட்டெனச் சுருங்குகிறது. பெட்டி வெளியிலிருந்து உறிஞ்சத் தொடங்குகிறது. மூச்சுக்குழாய் வழியாகக் காற்று வர இயலாததால், சக்கர முனைகளிலும் பினியன் முனையிலும் உள்ள ஆயில் சீல்களின் இடுக்கு வழியாக நீர் இழுக்கப்படுகிறது. ஆயில் சீல், எண்ணெய் வெளியே வராமல் தடுப்பதற்காக அமைந்தது. வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் வலிமை அதற்குக் குறைவு. மூச்சுக்குழாய் அடைபடாமல் இருந்தாலும் அது நீருக்குள் மூழ்கினால் அதன் வழியாகவே நீர் நுழையலாம். எனவேதான் ஆறு கடக்கும் வண்டிகளில் மூச்சுக்குழாயோடு ரப்பர்க் குழாயை இணைத்து, இயந்திர அறையின் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டுகிறார்கள். சிறு செலவு, பெரும் பயன்.

அடைபட்ட மூச்சுக்குழாய் மறுபுறத்திலும் தீங்கு செய்யும். சூடான காற்று வெளியேற வழியின்றி எண்ணெயைச் சீல்கள் வழியாக வெளியே தள்ளும். அது சக்கர முனையில் கசிந்தால், பிரேக் டிரம்முக்குள் சென்று பிரேக் கட்டைகளை நனைக்கும். எண்ணெயில் ஊறிய பிரேக்குடன், ஆட்களை ஏற்றிய வண்டி ஈரமான செம்மண் சரிவில் இறங்குவதை நினைத்துப் பாருங்கள். பின் சக்கரத்தின் உட்பக்கத்தில் எண்ணெய்த் தடம் கண்டால் அன்றைய பயணத்தை நிறுத்திவிட்டுப் பழுது பார்ப்பதே முறை. "நாளை பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓட்டுநரிடம் கூறும் உரிமை கங்காணிக்கும் இல்லை, நிருவாகத்திற்கும் இல்லை.

எண்ணெய் சற்று மங்கலாக மட்டும் இருக்கிறது, நீர்தானா என்ற ஐயம் எழுந்தால் இரு சோதனைகள் உண்டு. முதலாவது எளியது: வண்டியை இரவு முழுவதும் நிற்கவிட்டு, காலையில் கீழ் மூடியை மெல்லத் தளர்த்த வேண்டும். நீர் எண்ணெயைவிடக் கனமானது, அடியில் தங்கியிருக்கும். முதலில் சொட்டுவது தெளிந்த நீராகவோ துருநிற நீராகவோ இருந்தால் வேறு சாட்சி வேண்டியதில்லை. ஆனால் நன்றாகக் கடையப்பட்ட நீர் எளிதில் பிரிவதில்லை. ஆகவே நீர் சொட்டவில்லை என்பதனாலேயே நீர் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது.

இரண்டாவது சோதனை, பழைய டின் தகட்டைச் சூடாக்கி அதன்மேல் ஒரே ஒரு துளி எண்ணெயை விடுவது. நீர் கலந்திருந்தால் கடுகு தாளிப்பதுபோல் படபடவென்று வெடிக்கும். கலக்காத எண்ணெய் ஓசையின்றிப் பரவும். திறந்த வெளியில், பெட்ரோல் அருகில் இல்லாத இடத்தில், கண்ணாடி அணிந்து, முகத்தை எட்ட வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய சோதனை இது. சமையற் பாத்திரத்தை இதற்குப் பயன்படுத்தலாகாது. குழந்தைகள் அருகில் இருந்தால் செய்யாமல் விடுவதே நன்று. முதற் சோதனையும் நிறமும் பெரும்பாலும் போதுமான விடை தந்துவிடும்.

நீர் கலந்த எண்ணெயோடு ஓடினால் என்ன ஆகும்? முதல் நாளில் ஒன்றும் ஆகாது. அதுவே இதன் வஞ்சகம். நீர்த்துளி இருக்கும் இடத்தில் எண்ணெய்ப் படலம் அறுகிறது. பேரிங்கின் உருளைகளில் துரு புள்ளி புள்ளியாகப் படிகிறது. வண்டி நின்றிருக்கும் நாள்களில் துரு ஆழமாகிறது. ஓடும் நாள்களில் அந்தப் புள்ளிகளிலிருந்து எஃகு உதிர்கிறது. உதிர்ந்த துகள் கிரவுன், பினியன் பற்களுக்கிடையே அரைபடுகிறது. இறுதியில் பினியன் பேரிங் சிதைந்து பற்கள் முறிந்தால், ஓடிக்கொண்டிருக்கும்போதே பின் சக்கரங்கள் இறுகி நின்றுவிடவும் கூடும். ஓரிரு லிட்டர் எண்ணெயில் தீர்ந்திருக்க வேண்டியது, முழு அச்சையும் மாற்றும் செலவில் வந்து நிற்கிறது.

இரும்புத் துகள்கள்

கீழ் மூடியின் உட்புறத்தில் பல வண்டிகளில் ஒரு காந்தம் பதிக்கப்பட்டிருக்கும். அதன்மேல் மைபோல் நைந்த கருஞ்சாம்பல் களிம்பு படிந்திருப்பது வழக்கமான தேய்மானமே. களிம்பை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்க்க வேண்டும். மாவுபோல் இருந்தால் கவலையில்லை. நறநறவென்று உறுத்தினாலோ, நகத்துணுக்குப்போன்ற சில்லுகள் இருந்தாலோ, பல் ஒன்றின் முனை கிடைத்தாலோ வண்டியை அதற்குமேல் ஓட்டலாகாது. தேய்த்த கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவ மறக்க வேண்டாம்.

வெயிலில் எண்ணெய் முழுவதும் வெள்ளிப்பொடி தூவியதுபோல் மின்னுமானால் பற்களோ பேரிங்கோ விரைவாகத் தேய்கின்றன. காந்தத்தில் ஒட்டாத செம்பு நிற மினுமினுப்பு, உள்ளேயுள்ள வெண்கல வளையங்கள் தேய்வதைக் காட்டலாம். செவியும் இங்கே உதவும். வேகத்தைக் கூட்டும்போது ஊளையிட்டு, கால் எடுத்தவுடன் ஒலி மாறினால் கிரவுன், பினியன் பற்களை ஐயுற வேண்டும். எப்போதும் ஒரே சீராக உறுமினால் பேரிங். கிளம்பும்போது 'டக்' என்று இடித்தால் எங்கோ இடைவெளி கூடியிருக்கிறது; அது பின் தண்டின் இணைப்பிலும் இருக்கலாம், டிபரன்ஷியலில்தான் என்று அடித்துச் சொல்வதற்கில்லை.

நீர் புகுந்த அச்சைத் தூய்மை செய்தல்

எண்ணெய் பாலாக மாறியிருந்து, துகளோ ஓசையோ இல்லையென்றால், காலத்தில் கண்டுபிடித்துவிட்டோம் என்று மகிழலாம். சிறிது தூரம் ஓட்டி எண்ணெயைச் சூடாக்கி, முழுவதையும் வடிக்க வேண்டும். சில வண்டிகளில் கீழ் மூடி இராது. பின்புறத் தகட்டைக் கழற்றித்தான் வடிக்க இயலும். பிறகு கையேடு கூறும் அதே வகையில் மலிவான எண்ணெயை ஊற்றி, பாரமின்றி மெதுவாகப் பதினைந்து நிமிடம் ஓட்டி, மீண்டும் வடிக்க வேண்டும். வடிவது தெளிவாகும் வரை இவ்வாறு செய்தல் வேண்டும். பெரும்பாலும் இரண்டு முறை போதும். சிறு வண்டிகளின் பின் அச்சு ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரையே கொள்ளும் என்பதால் செலவு மலைப்பைத் தராது. மண்ணெண்ணெய் ஊற்றி வண்டியை ஓட்டிக் கழுவும் வழக்கம் சில இடங்களில் காணப்படுகிறது. அந்த அழுத்தத்தை மண்ணெண்ணெய் தாங்காது. கழுவுகிறோம் என்று எண்ணிப் பற்களையே கீறிவிடுவோம்.

இறுதி எண்ணெயை ஊற்றும் முன்பு மூச்சுக்குழாயைக் கழற்றிக் கழுவி, வாயால் ஊதிக் காற்றுப் போகிறதா என்று பார்க்க வேண்டும். கசியும் சீல்களையும் மூடிகளின் வளையங்களையும் மாற்ற வேண்டும். இதைச் செய்யாமல் எண்ணெயை மட்டும் மாற்றினால், அடுத்த ஓடையிலேயே பழைய கதை தொடங்கும். பட்டறைகளில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்த மூச்சுக்குழாய்தான் என்பது நம் எண்ணம். எண்ணெய் மாற்றச் சொன்னீர்கள், மாற்றினோம் என்பார்கள். ஆகவே வண்டியைக் கொடுப்பவரே வாய் திறந்து கேட்க வேண்டும். ஒரு வாரம் ஓட்டியபின் மீண்டும் சிறிது எண்ணெயை எடுத்துப் பார்த்தால் வேலை முடிந்ததா என்பது தெரிந்துவிடும். பல கையேடுகள் எண்ணெய் மாற்றத்திற்கு 40,000 கிலோமீட்டரையொட்டிய அளவைக் குறிக்கின்றன. நாள்தோறும் ஓடை கடக்கும் வண்டிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அச்சு மூழ்கும் அளவு நீரில் இறங்கிய ஒவ்வொரு முறையும், அடுத்த ஓரிரு நாளில் திறந்து பார்க்க வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற வண்டிகள்

2014-ஆம் ஆண்டு டிசம்பரில் கிளந்தானின் கோல கிராய் வட்டாரமும், 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் சிலாங்கூரின் ஷா ஆலாம், உலு லங்காட் பகுதிகளும் பெருவெள்ளத்தில் மூழ்கியதை நாடே அறியும். வீடுகளோடு ஏராளமான வண்டிகளும் நீரில் நின்றன. அவற்றுள் எது கழுவித் துடைக்கப்பட்டு, எந்த ஊரில் விலைக்கு நிற்கிறது என்று வாங்குபவருக்கு யாரும் சீட்டு எழுதித் தருவதில்லை. இருக்கைக்குப் புதிய உறை போடலாம், நறுமணம் தெளிக்கலாம், இயந்திரத்தின் எண்ணெயைக்கூட மாற்றிப் பளபளப்பாக்கலாம். பின் அச்சின் எண்ணெயை மாற்ற வேண்டும் என்று விற்பவருக்குத் தோன்றுவது அரிது. ஆகவே அந்தப் பெட்டி உண்மையை மறைக்காமல் வைத்திருக்கும்.

பழைய வேனைப் பார்க்கச் செல்பவர், விற்பவரின் அனுமதியுடன் மேல் மூடியைத் திறந்து, குழலால் சிறிது எண்ணெயை எடுத்துப் பார்க்கட்டும். திறக்கவே கூடாது என்று விற்பவர் தடுத்தால் அந்த வண்டியை விட்டு வேறொன்றைப் பார்ப்பது நலம். எண்ணெய் வெளுத்திருந்தாலோ துருநிறமாக இருந்தாலோ, நீர் அச்சோடு நின்றதா, இருக்கை வரை ஏறியதா என்பதை அடுத்து ஆராய வேண்டும். இருக்கைக்கு அடியிலுள்ள திருகாணிகளில் துரு, கம்பள விரிப்பின் கீழ் வண்டல் மண், கதவின் அடிப்பகுதியில் சேற்றுக் கோடு ஆகியவை காணப்பட்டால் மின்கம்பிகளும் நனைந்திருக்கும். அந்த வண்டி எவ்வளவு மலிவாயினும் வேண்டாம். அச்சில் மட்டும் நீர், மற்றவை உலர்வு என்றால், ஓடையில் இறங்கிய வண்டியாக இருக்கலாம். ஓட்டிப் பார்த்து ஓசை ஏதும் இல்லையெனில், பழுதுச் செலவைக் கணக்கிட்டு விலையைக் குறைத்துக் கேட்கலாம். எண்ணெய் புத்தம் புதிதாகத் தேன்போல் இருந்தாலும் ஏன் அண்மையில் மாற்றினார்கள் என்று கேட்பதில் தவறில்லை. காந்தத்தில் படிந்துள்ளதைப் பார்த்தால் பதில் ஓரளவு கிடைக்கும்.

வடித்த எண்ணெயைக் கால்வாயிலோ லயத்தின் பின்புறத்திலோ ஊற்றுவதை அடியோடு நிறுத்த வேண்டும். குளிக்கவும் துணி துவைக்கவும் ஓடையை நம்பியிருக்கும் குடும்பங்கள் பல தோட்டங்களில் இன்னமும் உள்ளன. 2005-ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு ஒழுங்குமுறைகளில், பயன்படுத்திக் கழிந்த மசகெண்ணெய் 'எஸ்.டபிள்யூ. 305' என்ற குறியீட்டின்கீழ்ச் சேர்க்கப்பட்டிருக்கிறது. மூடியுள்ள பிளாஸ்டிக் கலத்தில் சேர்த்து, 'கழிவு எண்ணெய்' என்று தெளிவாக எழுதி ஒட்டி, கழிவு எண்ணெயைப் பெற்றுக்கொள்ளும் பட்டறையிலோ தோட்டத்தின் பட்டறைப் பொறுப்பாளரிடமோ ஒப்படைக்கலாம். குடிநீர்ப் புட்டியிலோ சமையல் எண்ணெய்ப் புட்டியிலோ ஊற்றி வைக்க வேண்டாம். பிள்ளைகள் பெயர்ச்சீட்டைப் படித்துவிட்டுக் குடிப்பதில்லை.